விருப்பம் கட்டிய சத்திரம்

மனிதன் தனித்து வாழப் படைக்கப்பட்டவன் அல்லன். பிறந்தவுடன் அவனுக்கு ஒரு குடும்பம் கிடைக்கிறது. குடும்பத்தின் வழியே உறவுமுறையும், உறவுமுறையின் வழியே தெருவும் ஊரும் கிடைக்கின்றன. வளர்ந்த பின் தொழில் ஒரு கூட்டத்தைத் தருகிறது. மார்க்கமோ இவையனைத்தினும் பெரியதோர் உறவை, ஓரிறையை வணங்குவோரின் சகோதரத்துவத்தைத் தருகிறது. இவையன்றி இன்னொரு கூட்டமும் உலகில் உண்டு. ஒரு நூலை நேசிப்பவர்கள், ஒரு விளையாட்டில் மனம் தோய்ந்தவர்கள், ஒரு கைவேலையில் இன்பம் காண்பவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டு தாமாகவே கூடிக்கொள்ளும் கூட்டம் அது.

இக்கூட்டத்தை நம் வீடுகளில் அவ்வளவாக மதிப்பதில்லை. 'பொழுதுபோக்கு' என்னும் சொல்லிலேயே அந்த அலட்சியம் ஒலிக்கின்றது. பொழுது என்பது போக்குவதற்குரிய பொருளா என்று பெரியவர்கள் கேட்கின்றனர். தபால்தலை சேர்க்கும் பிள்ளையையும், புறா வளர்க்கும் இளைஞனையும், நூலகமே கதியென்று கிடக்கும் வாலிபனையும் 'வீண் வேலை' என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுகின்றனர். பொழுது இறைவன் தந்த அமானிதம். அதனை வீணடிப்பது குற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயத்தைச் சிறு வயதிலேயே மனனம் செய்தவர்கள் நாம்.

ஆயினும் இங்கே ஆராய வேண்டிய வினா ஒன்று இருக்கிறது. ஊதியமோ பதவியோ கருதாமல், விருப்பம் ஒன்றையே காரணமாகக் கொண்டு கூடுகிறவர்களிடையே உண்மையான நட்பு வளர முடியுமா? முன்பின் அறியாத ஒருவனைத் தம்முள் ஒருவனாக ஏற்கும் பண்பு அங்கே தழைக்குமா? தழைக்குமெனில், அது வெறும் கேளிக்கையா, அல்லது அறத்தின் பாற்பட்டதா?

ஊர்ப்பெயர் உரைக்கும் பாடம்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் மானூரையும் தேவர்குளத்தையும் கடந்தால் பனவடலிசத்திரம் வருகிறது. நெல்லை மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019இல் தென்காசி தனி மாவட்டமான பின் அதனைச் சார்ந்தது. வடலி என்பது இளம்பனை. பனையும் வடலியும் சத்திரமும் கூடி ஊருக்குப் பெயராகி நிற்கின்றன. மழை குறைந்த வானம் பார்த்த பூமியில், வெயிலில் நடந்து வருகிறவனுக்கு நிழலும் நீரும் இரவு தலைசாய்க்க ஓரிடமும் எத்தகைய கொடை என்பதை அந்தப் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சத்திரத்தின் அறம் எளிமையானது. வருகிறவன் களைத்திருக்கிறான் என்பதே அங்கே நுழைவதற்குப் போதிய தகுதி. நம் நாட்டுச் சத்திரங்கள் பலவற்றில் சாதி பார்த்துப் பந்தி விரித்த காலம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது சத்திரம் கட்டியவர்களின் குறை. சத்திரம் என்ற எண்ணத்தின் உயிர், 'நீ யார் மகன்?' என்று கேளாமல் கதவு திறப்பதில்தான் இருக்கிறது.

இதே சங்கரன்கோவில் வட்டாரத்தில், பாஞ்சாகுளம் என்னும் சிற்றூரில் 2022 செப்டம்பரில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மிட்டாய் வாங்க வந்த ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவர்களிடம், ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் உங்களுக்குத் தின்பண்டம் விற்க முடியாது என்று கடைக்காரர் சொன்ன காட்சி கைப்பேசிகளின் வழியே நாடெங்கும் பரவியது. காவல்துறை கைது செய்தது, கடை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் தன்னுடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த அவன் தங்கையும் காயமுற்றாள். அதன் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

ஒரு சிறுவன் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கயிறு என்ன சொல்கிறது? 'நான் யாரோடு சேர்ந்தவன் என்பது நான் பிறக்குமுன்பே முடிவாகிவிட்டது' என்று சொல்கிறது. பிறப்பு தந்த கூட்டம் ஒன்றே ஒருவனுக்கு உலகமாகிவிட்டால் மிட்டாய்க் கடையும் கோட்டைச் சுவராக மாறிவிடும். அந்தச் சுவரில் வாசல் திறக்கவல்லது எது? சட்டம் தண்டிக்கும், தண்டிக்கவும் வேண்டும். ஆனால் இருவரை ஒரே திண்ணையில் மகிழ்ச்சியோடு அமர வைக்கச் சட்டத்தால் இயலாது. இருவரும் ஒன்றை விரும்பினால் அது இயலும். நாம் பேச எடுத்துக்கொண்டது சிறிய பொருளன்று என்பதற்கு இதுவே காரணம்.

நம் சமுதாயத்திற்கும் இதில் பங்கு உண்டு. இரண்டொரு முஸ்லிம் குடும்பங்களே வாழும் ஊர்கள் தென்பாண்டிச் சீமையில் பல. வேலை மாற்றலாகி அத்தகைய ஊருக்கு வரும் ஓர் ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ எண்ணிப் பார்ப்போம். வாடகை வீடு கிடைக்கிறது. கடைக்காரர் பெயர் கேட்கிறார். ஜும்ஆவுக்கு அடுத்த ஊர் செல்ல வேண்டியிருக்கிறது. மாலை நேரத்தில் பேச ஆளில்லை. அவருக்கு அந்த ஊர் எப்போது சொந்த ஊராகும்? அவர் விரும்பும் ஒன்றை விரும்பும் இன்னொருவரை அங்கே கண்டுபிடிக்கும் நாளில்தான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வீணானவற்றை விட்டு விலகி நிற்பது நம்பிக்கையாளரின் பண்பு என்று திருமறை கூறுகிறது. அதே திருமறை, மக்கள் பல இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்றும் அறிவிக்கிறது. அறிந்துகொள்வதற்கு உதவும் ஒன்று எவ்வாறு வீணாகும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை நோக்குவோம். பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் கொண்டு மதீனத்துப் பள்ளிவாசலிலேயே விளையாடினர். நாயகம் அவர்கள் அதனைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அலுக்கும் வரை பார்த்து மகிழத் தாமே மறைவாக நின்றார்கள். அந்நிய மண்ணிலிருந்து வந்தவர்களின் ஆட்டத்திற்குத் தம் பள்ளிவாசல் முற்றத்தையே தந்த அந்தப் பெருந்தன்மையில் நமக்கு எத்தகைய பாடம் இருக்கிறது!

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்த சிறுவர். அந்தக் குருவி இறந்துபோயிற்று. சிறுவர் வாடியிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குருவி என்னவாயிற்று என்று அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். அரசியலும் போரும் வஹியும் சுமந்த தோள்கள் அவை. அத்தகையவர் ஒரு குழந்தையின் விளையாட்டுப் பறவையின் பெயர் சொல்லிக் கேட்டார்கள். பிறர் எதை நேசிக்கிறாரோ அதைப் பற்றி அவரிடம் கேட்பதே வரவேற்பின் முதற்படி என்பதை இதனினும் அழகாக யார் கற்பிக்க இயலும்?

நெல்லையில் ஒரு முற்றம்

பனவடலிசத்திரத்திலிருந்து பேருந்து ஏறினால் சென்றடையும் திருநெல்வேலியில், நம் வினாவுக்கு விடை தரும் ஒரு கூட்டம் இருந்தது. தென்காசிக் குடும்பத்தில் தோன்றிய டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தொழிலால் வழக்கறிஞர், தமிழாசிரியர் அல்லர். ஆனால் கவிதை என்றால் உயிரை விடுவார். ரசிகமணி என்று நாடு அவரை அழைத்தது. திருநெல்வேலியில் அவருடைய இல்லத்து வட்டமான தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் வாரந்தோறும் கூடினர். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று: 'வட்டத்தொட்டி'.

அங்கே வந்தவர்கள் யார்? பின்னாளில் உயர்நீதிமன்ற நீதியரசரான மகாராஜன், வருவாய்த்துறையில் பணியாற்றிக் கலெக்டராக உயர்ந்த பாஸ்கரத் தொண்டைமான், ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன், வித்துவான் ல. சண்முகசுந்தரம் போன்றோர். நீதிமன்றத்திலும் கச்சேரியிலும் கல்லூரியிலும் வெவ்வேறு படிகளில் நின்றவர்கள், முற்றத்தில் வட்டமாக அமர்ந்தனர். வட்டத்திற்குத் தலைமாடும் கால்மாடும் இல்லை. கம்பனின் ஒரு பாட்டு நடுவே வைக்கப்படும். அதனைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பார்கள். சுவைத்த பின் விருந்தும் உண்டு. டி.கே.சி.யின் விருந்தோம்பலைப் போற்றாத நண்பர் இல்லை. பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேறிய போது அந்த இல்லமும் நண்பர்களின் சத்திரமாகவே விளங்கிற்று. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்திற்கும் டி.கே.சி. ஊக்கமாக நின்றார்.

'வழக்கறிஞரும் அதிகாரியும் பேராசிரியரும் கூடியதில் என்ன வியப்பு? எளியவனுக்கு அங்கே இடம் உண்டா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் மண்ணில் இருக்கிறது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923இல் பிறந்த இருவர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். முன்னவர் பள்ளிப் படிப்பை அதிகம் காணாத விவசாயி. பின்னவர் எளிய குடும்பத்துப் பிள்ளை. இசையும் இலக்கியமும் அவர்களைப் பிணைத்தன. டி.கே.சி.யிடம் இருவரும் பெரும் ஈடுபாடு கொண்டனர். சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் தோன்றி இளமையிலேயே மறைந்த காவடிச்சிந்துக் கவிஞர் அண்ணாமலை ரெட்டியாரின் வரலாற்றைத் தேடி எழுதியவர் அழகிரிசாமி. யார் ஏவியும் செய்த வேலையன்று அது. விருப்பம் செய்வித்த வேலை.

அவர்களுக்குப் பின், 1970களிலும் 80களிலும் கோவில்பட்டியில் இன்னொரு தலைமுறை கூடிற்று. அஞ்சலகத்தில் பணியாற்றிய தமிழ்ச்செல்வன், இரயில்வேயில் இருந்த உதயசங்கர், கூட்டுறவுத் துறையில் இருந்த பூமணி, நகைக்கடை வைத்திருந்த தேவதச்சன், கோணங்கி எனப் பலர். தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊரில் இவர்களை ஒன்று சேர்த்தது கூலியுமன்று, குலமுமன்று; எழுத்து. அதே ஊரில் ஹாக்கி மட்டையைப் பிடித்து ஒன்று சேர்ந்த இளைஞர்களும் ஏராளம். ஹாக்கிக்குக் கோவில்பட்டி பெற்ற பெயர் மைதானத்தில் மாலைதோறும் கூடியவர்களால் வந்த பெயர்.

நடுவில் இருக்கும் மூன்றாவது பொருள்

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். அறிமுகமில்லாத இருவர் நேருக்கு நேர் சந்திக்கும்போது ஒருவரையொருவர் எடை போடுகின்றனர். இவர் பணக்காரரா, எந்தத் தெருவினர், நம்மினும் மேலா கீழா என்ற கணக்கு உள்ளுக்குள் ஓடுகிறது. ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு மூன்றாவது பொருள் வந்துவிட்டால் பார்வை திசை மாறுகிறது. இருவரும் பாட்டைப் பார்க்கின்றனர், பந்தைப் பார்க்கின்றனர், தறியில் விழும் பூவைப் பார்க்கின்றனர். தம்மினும் பெரிய ஒன்றின் முன் இருவரும் மாணவர்களாகி விடுகின்றனர். எடைக்கல் அங்கே கைநழுவிப் போகிறது. சில மாதங்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, தம்மை அறியாமலே நண்பர்களாகி இருப்பதைக் காண்கின்றனர்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் நட்பை மூவகையாகப் பிரித்தார். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்பண்பு கருதிய நட்பு என்பன அவை. முதலிரண்டும் அவற்றின் காரணம் மறைந்தவுடன் மறையும். மூன்றாவதே நிலைக்கும் என்றார். விருப்பத்தால் கூடும் கூட்டம் இரண்டாம் வகையில் தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் அது அங்கேயே நின்றுவிட வேண்டும் என்ற விதி இல்லை. ஒரே பாட்டைப் பத்தாண்டுகள் சேர்ந்து சுவைத்தவர்கள் ஒருவருடைய பொறுமையையும் நேர்மையையும் அறிந்துவிடுகின்றனர். திருக்குறளில் நட்புக்கும் அதனைச் சார்ந்தவற்றுக்கும் ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கிய வள்ளுவர், பண்புடையார் தொடர்பைக் கற்கும்தோறும் நயம் தரும் நூலுக்கு ஒப்பிட்டது இதனால்தான் போலும். நூலின் சுவை நண்பரின் சுவையாக மாறும் வழியை அவர் அறிந்திருந்தார்.

நம் முன்னோர் நடந்த பாதை

'இவ்வாறு பிறரோடு கலந்து பழகினால் நம் பிள்ளைகளின் ஈமான் தளர்ந்துவிடாதா?' என்னும் அச்சம் நம் இல்லங்களில் எழுவதுண்டு. அக்கறையால் எழும் அச்சம் அது. எள்ளி நகையாடத் தக்கதன்று. அதற்கு வரலாறு என்ன விடை தருகிறது?

எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர் உமறுப்புலவர். ஆசிரியர் ஒரு சமயத்தவர். மாணவர் வேறு சமயத்தவர். இருவருக்கும் நடுவே தமிழ் இருந்தது. அந்தப் பயிற்சியின் விளைவு என்ன? நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடும் சீறாப்புராணம்! பிற சமயத்து ஆசிரியர் ஊட்டிய தமிழே நம் இல்லங்களில் ஒலிக்கும் காப்பியமாயிற்று.

கோட்டாற்றில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்திச் சதாவதானி என்று புகழ்பெற்றார். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவ உலகம் இரு கூறாகப் பிரிந்து வாதிட்டபோது, அருட்பாவுக்காக மேடையேறி வாதாடினார் இந்த முஸ்லிம் புலவர். அவர் சீறாப்புராணத்திற்கு உரை கண்டவரும் ஆவார். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

நாகூரில் 1921இல் பிறந்த மு.மு. இஸ்மாயில் அவர்கள் 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதியரசராக இருந்தவர். வழக்கு மலைகளுக்கு நடுவே அவர் மனம் தோய்ந்தது கம்பனில். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக அவர் வீற்றிருந்தபோது, இவர் எந்தச் சமயத்தவர் என்ற வினா எவருடைய நாவிலும் எழவில்லை. கம்பனைக் கற்ற அதே நெஞ்சம், வண்ணக்களஞ்சியப் புலவரின் இராஜநாயகத்தையும் எடுத்து விளக்கிற்று. வேரில் உறுதியுள்ள மரமே கிளைகளைத் தொலைவுக்கு நீட்டும்.

அதே நாகூரில், மூன்றாம் வகுப்புவரை மட்டுமே படித்த சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) வீட்டுக்குள் இருந்தபடியே படித்தும் எழுதியும் வந்தார். 1938இல் வெளியான அவருடைய 'காதலா? கடமையா?' என்னும் நாவலுக்கு மதிப்புரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். நாகூரின் ஒரு முஸ்லிம் இல்லத்துக்கும் தமிழ்த் தாத்தாவின் மேசைக்கும் இடையில் இருந்த தொலைவை எழுத்தார்வம் ஒன்றே கடந்தது. பெண்களுக்கு எதற்குப் பொழுதுபோக்கு என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

கடல் கடந்த சான்றும் உண்டு. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்ற நம் மக்கள், 1946இல் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி அதற்கு உமறுப்புலவரின் பெயரைச் சூட்டினர். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று, 1982இல் மூடப்பட்டது. எனினும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் என்று அப்பெயர் அந்நாட்டில் இன்றும் நிலைத்திருக்கிறது. பிழைக்கப் போனவர்கள் தம் விருப்பத்தை விட்டுவிட்டுப் போகவில்லை. அதனையே பிறரும் வந்து அமரும் திண்ணையாகக் கட்டினர்.

வாசல் அடைபடும் விதம்

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்வது நம் கடமை. விருப்பத்தால் எழும் வட்டமும் நாளடைவில் வேலியாக மாறக்கூடும். அதன் அடையாளங்களை நாம் அறிவோம். பழைய உறுப்பினர்கள் தமக்குள்ளேயே புரியும் மொழியில் பேசத் தொடங்குவர். புதிதாக வந்தவன் பாட்டைத் தவறாகச் சொன்னால் திருத்துவதற்கு முன் சிரிப்பர். விளையாட்டில் புதியவனை நாள் முழுதும் எல்லைக்கோட்டில் நிறுத்தி வைப்பர். முன்வரிசை நாற்காலிக்காகப் பூசல் எழும். நடுவிலிருந்த மூன்றாவது பொருள் மறைந்துபோய், 'நான் எவ்வளவு அறிந்தவன்' என்பதே அந்த இடத்தில் வந்து அமரும். அப்போது எடைக்கல் திரும்பவும் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். பிறப்பால் வரும் செருக்கைக் கண்டிக்கும் நாம், அறிவால் வரும் செருக்கைக் கண்டிக்கத் தயங்கலாமா?

ஆகவே ஒரு வட்டத்தின் தகுதியை அளக்க வேண்டுமாயின், அதில் எத்தனை மேதைகள் உள்ளனர் என்று எண்ண வேண்டாம். ஒன்றும் தெரியாதவன் முதல் நாள் வந்தபோது அவனுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். அவனுக்கு இடம் ஒதுங்கித் தந்தவர் யார்? அவன் பெயரை இரண்டாம் நாளும் நினைவில் வைத்திருந்தவர் யார்? அறியாமையோடு வருகிறவனுக்கு அந்த வட்டத்தின் மீது ஓர் உரிமை உண்டு. களைத்து வருகிற வழிப்போக்கனுக்குச் சத்திரத்தின் மீது உள்ள உரிமையைப் போன்றது அது. அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் ஸலாம் உரைப்பதை இஸ்லாத்தின் சிறந்த பண்புகளில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அறிந்தவர்க்கு மட்டும் முகமன் கூறும் கூட்டம் எவ்வளவு பெரிய மண்டபத்தில் கூடினாலும் அது ஒரு மூடிய வீடே.

முற்றத்திலிருந்து வீதிக்கு

இன்னொரு சோதனையும் உண்டு. அது இதனினும் கடினமானது. மாலையில் ஒன்றாகப் பந்தடித்தவர்கள் இரவில் தத்தம் தெருவுக்குப் பிரிகின்றனர். மறுநாள் ஊரில் ஒரு பூசல் எழுந்தால், மைதானத்து நண்பன் எந்தப் பக்கம் நிற்பான்? ஒரே கவிஞரை ஒன்றாக இருந்து சுவைத்தவர்கள், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் போவார்களா? போகவில்லை என்றால், அந்தக் கூட்டம் பொழுதைத்தான் போக்கிற்று, மனிதரைச் சேர்க்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் பெருநூலாகிய இஹ்யாவில் தோழமையின் கடமைகளை எட்டாக வகுத்துக் காட்டினார்கள். பொருளால் உதவுதல், கேட்குமுன் தேவையறிந்து துணை நிற்றல், குறைகளைப் பிறரிடம் பேசாது காத்தல், பிழை பொறுத்தல், தோழனுக்காகப் பிரார்த்தித்தல் என்பன அவற்றுள் சில. இவற்றைத் தோழமையின் அலங்காரங்கள் என்று அவர்கள் கூறவில்லை. கடமைகள் என்றே கூறினார்கள். விருப்பம் கதவைத் திறக்கிறது. உள்ளே நுழைந்தபின் இந்தக் கடமைகள் தொடங்குகின்றன. பாஞ்சாகுளத்துக் கடை வாசலில் நின்ற சிறுவர்களை அந்த ஊரின் மற்றைச் சிறுவர்கள் தம் ஆட்டத்துத் தோழர்கள் என்று அறிந்திருந்தால், அந்தப் பெரியவர்களின் கட்டுப்பாட்டுக்கு எதிராக ஒரு குழந்தையின் குரலாவது எழுந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. எழாமலும் போயிருக்கலாம். விருப்பம் எல்லாச் சுவரையும் இடித்துவிடும் என்று நாம் வாதிடவில்லை. சுவரின் மறுபக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு முகமும் பெயரும் உண்டு என்பதை அது காட்டித் தருகிறது. முகமும் பெயரும் தெரிந்த ஒருவனை ஒதுக்குவது, தெரியாத ஒருவனை ஒதுக்குவதைவிடக் கடினம். அறத்திற்கு அந்தத் தயக்கமே முதல் வித்து.

நாம் செய்யக்கூடுவது

பெரிய மண்டபங்கள் வேண்டியதில்லை. பொது நூலகச் சட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதலாக 1948இல் இயற்றிய மாநிலம் நம்முடையது. கிளை நூலகத்தின் நீண்ட மேசை இன்றும் எவரையும் குலம் கேட்பதில்லை. அங்கே மாதம் ஒருமுறை பத்துப் பேர் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசினால் அது ஒரு வட்டத்தொட்டி. பள்ளிவாசலை அடுத்துப் படிப்பகம் வைத்திருக்கும் நம் ஜமாஅத்துகள், அதன் கதவை ஊரார் அனைவருக்கும் திறந்து வைக்கலாம். சீறாப்புராணத்தைப் படிக்க விரும்பும் தமிழாசிரியர் எந்தச் சமயத்தவராயினும் அவருக்கு அங்கே ஓர் இருக்கை இருக்கட்டும். பிள்ளைகள் மைதானத்துக்குப் போகும்போது, 'வென்றாயா?' என்று கேட்குமுன், 'புதிதாக யாரை உங்களோடு சேர்த்துக்கொண்டீர்கள்?' என்று கேட்போம். பெண்மக்கள் பூத்தையலுக்கோ நூலுக்கோ கூடும் மாலைகளை வீண்பேச்சு என்று தள்ளாமல், புதுமணமாகி வந்த அயலூர்ப் பெண்ணை அங்கே அழைத்துச் செல்லும்படி சொல்வோம். வளைகுடா நாடுகளில் தனித்து வாழும் நம் பிள்ளைகளிடம் பணம் வந்ததா என்று விசாரிக்கும் அதே வாயால், விடுமுறை நாளில் யாரோடு இருந்தாய், என்ன படித்தாய், என்ன விளையாடினாய் என்றும் விசாரிப்போம்.

வேகமாய் விரையும் பேருந்துகளுக்கும் வாகனங்களுக்கும் சாலையோரச் சத்திரம் இன்று தேவைப்படுவதில்லை. உடல் களைத்து நடந்து வருகிற வழிப்போக்கர் குறைந்துவிட்டனர். உள்ளம் களைத்து வருகிறவரோ பெருகியிருக்கின்றனர். அவர்களுக்கு நிழல் தரும் திண்ணைகளை அரசோ செல்வரோ கட்டித்தர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நூலும் ஒரு பந்தும் ஓர் ஊசியும் நூற்கண்டும் போதும். புதியவனைக் கண்டவுடன் சற்று நகர்ந்து உட்காரும் மனமும் வேண்டும். அந்த மனத்தை வல்ல இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக!